இறுகாத பிடி

குதிரைக்கு ஆன்டெனாவைப் பிடிக்கவில்லை.
ஐந்து அலுமினியக் குச்சிகள் வெயிலில் மினுங்க மினுங்க
காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு
மூன்று தடவை பாதையை விட்டு விலகிற்று.
கடைசியில் எசென்குல் தன் மேலங்கியைக் கழற்றிக்
குச்சிகளுக்குப் போர்த்திக் கட்டினான்.
மிச்ச ஏற்றம் முழுக்க அவன் வெறும் சட்டையோடு.

ஓஷ் நகரக் கிடங்கில் இரண்டு நாள் வாக்குவாதம்.
எல்லாத் திசைக்கும் பேசும் ஒற்றைக் கம்பி மலிவுதான்;
ஆனால் அது பனியிடமும் பேசும்,
சீன எல்லைப் பருந்துகளிடமும் பேசும்,
ஊருக்கு வந்து சேர்வதற்குள் தொண்டை வற்றிவிடும்.
ஒன்பது குச்சி வைத்தது தூரம் போகும்,
முதல் உறைபனியில் முறிந்தும் போகும்.
ஐந்து போதும் என்றேன்.
எந்த ஆன்டெனாவும் ஒரு வாட்கூடத் தானாய்ச் சம்பாதிப்பதில்லை.
வேண்டாத திசைகளிடம் பிடுங்கி
வேண்டிய திசைக்குக் கொடுக்கிறது.
கையேட்டில் இதற்கு ஆதாயம் என்று பெயர்.
என் அக்காவிடம் கேட்டால் ஓரவஞ்சனை என்பாள்.

ஏரி கலங்கிய நீலத்தில் கிடந்தது.
கரை என்று சொல்வதெல்லாம்
கல்லும் ஐஸும் ஒன்றையொன்று நம்பி நிற்பது.
உடைந்தால் தெரெக்-சாய்க்கு இருபத்தாறு நிமிடம்.
நாங்கள் அனுப்ப வேண்டியது ஒரே ஓர் எண்,
கால் மணிக்கொரு தரம், நீர்மட்டம்.

குழி. கல். நான்கு இழுகம்பி. இடிதாங்கி.
கேபிளை அளந்து வெட்டினேன்,
மீட்டருக்கு ஒரு வாய் அது தின்றுவிடும்.
பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளையம் தொங்கவிட்டேன்,
மழை அங்கேயே சொட்டிப் போகட்டும்.
இணைப்பில் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன்,
ஓடு வேய்வதுபோல.

பிறகு ஊரைப் பார்த்துத் திருப்பினேன்.
காசு கரையும் சாட்டிலைட் போனில்
பள்ளிக்கூடக் கூரையிலிருந்து பெகாயிம்:
ஒன்றுமில்லை.
குச்சிகள் நிற்கின்றனவா, படுத்திருக்கின்றனவா?
நிற்கின்றன.
இங்கேயும் நிற்கின்றன.
ஒரு டிகிரி இடம். ஒன்றுமில்லை. இரண்டு. இல்லை.
நடுவே ஒரு முகடு,
வரைபடத்தில் அது கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

எசென்குல் நெருப்பு மூட்டப் பார்த்தான்.
சாணம் ஈரம். அணைந்தது.

"எதையும் தொடாதே!" பெகாயிம் கத்தினாள்,
என்னிடமா, தன்னிடமா தெரியவில்லை.
அவள் இறுக்க மறந்த பிடியில்
ஆன்டெனா காற்றுக்குத் தானே சுழன்று
ஊரின் மேற்கே நிற்கும் சிவப்புப் பாறையைப்
பார்த்தபடி நின்றதாம்.
அந்தப் பக்கமிருந்துதான் வந்தது முதல் முணுமுணுப்பு.
மைனஸ் நூற்றேழு.

நானும் ஊருக்கு முதுகைக் காட்டினேன்.
பாறையின் நெற்றிக்கு நேராக, மெல்ல மெல்ல.
தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தெட்டு.
இரு, அப்படியே இரு.
குளிரில் ஸ்பானர் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

படிவத்தில் ஒரு கட்டம்: ஆன்டெனா நோக்கும் இடம்.
ஊர்ப் பெயரை எழுதி அடித்தேன்.
பாறை என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.
பாறை என்றே எழுதினேன்.

மூன்று புள்ளி நான்கு இரண்டு.
கால் மணி கழித்து, மூன்று புள்ளி நான்கு இரண்டு.
போனுக்குள் பிள்ளைகளின் இரைச்சல்,
யாரோ பந்தைக் கூரைக்கே அடித்துவிட்டார்கள்.
"அதேதான்," என்றாள், கொஞ்சம் அலுப்போடு.
அந்த அலுப்பைக் கேட்கத்தானே
இத்தனை இரும்பைச் சுமந்து வந்தது.

இறங்கத் திரும்பினோம்.
கவரிமா ஒன்று வந்து
இழுகம்பியில் கழுத்தை நன்றாகத் தேய்த்தது,
ஒரு பிடி மயிரைக் கம்பியில் விட்டுவிட்டு
ஒன்றும் நடவாததுபோல் மேயப் போயிற்று.
எண்பத்தொன்பது, என்றது போன்.
ஸ்பானரை மறுபடி பையிலிருந்து எடுத்தேன்.